பதினாறு தொட்டிகள் குறித்து இரண்டாம் முறை சொன்னது

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் மூன்றையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்திரண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். துணியில் படம் அச்சடிக்கும் நிறுவனம் ஒன்றில் சாயப் பிரிவு உதவியாளராகப் பதினொரு ஆண்டுகளும், அதன் பிறகு டிஜிட்டல் அச்சு இயந்திர ஆபரேட்டராக ஆறு ஆண்டுகளும் வேலை பார்த்து வருகிறேன். கணவரைப் பிரிந்து என் உடன்பிறந்த அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். குழந்தைகள் இல்லை.

இதே வழக்கில் இந்த மாதம் ஏழாம் தேதி காவல் நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு பகுதி உண்மை இல்லை. எந்தப் பகுதி என்பதை அது வரும் இடத்தில் சொல்கிறேன். இதில் பல விஷயங்கள் எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்காததை விளங்கவில்லை என்றே சொல்லலாம் என்று நீதிபதி அம்மா சொன்னதால் அப்படியே சொல்கிறேன்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவரும் அதே நிறுவனத்தில் சாயத் தொட்டிப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு டிஜிட்டல் அச்சு இயந்திரங்கள் நான்கு வந்து இறங்கின. கம்ப்யூட்டரில் வரைந்த படத்தை அப்படியே துணியின்மேல் மையாகத் தெளிக்கும் இயந்திரங்கள் அவை. சாயத் தொட்டியும் வேண்டாம், நிறத்துக்கு ஒரு வலைத்துணிச் சட்டம் செய்யவும் வேண்டாம் என்று ஆனதும் சாயப் பிரிவை மூடினார்கள். புது இயந்திரத்தில் பழகுவதற்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுத்ததில் என் பெயர் இருந்தது, அக்கா பெயர் இல்லை. அவருக்குக் கண்பார்வை குறைந்திருந்தது என்று காரணம் சொன்னார்கள். அன்றைக்கு நாங்கள் இருவரும் ஒரே பேருந்தில்தான் வீடு திரும்பினோம். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது என் சாப்பாட்டுப் பையையும் சேர்த்து அவரே தூக்கிக்கொண்டு இறங்கினார்.

அதன் பிறகு அக்கா வளர்ப்பு மீன் தொழில் செய்யலாம் என்று முடிவு செய்தார். நிறுவனத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு பழைய வீடும் காலி இடமும் விலைக்கு வந்தன. சாயத் தண்ணீருக்குப் பயந்து அந்த இடத்தை யாரும் கேட்காமல் கிடந்தது. அக்காவும் தயங்கினார். மீன் வளர்ப்பதற்குத் தண்ணீர்தான் எல்லாம், அது கெட்டிருந்தால் என்ன செய்வது என்றார். நான்தான் அவரை அழைத்துப் போய் அந்த இடத்தைக் காட்டினேன். அப்போது நான் சொன்ன வார்த்தை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"இனிமே அங்க சாயத் தண்ணியே கிடையாதுக்கா. எல்லாம் புது மிஷின். நான் பொறுப்பு."

அக்கா அந்த இடத்தை வாங்கினார். ஆழ்துளைக் கிணறு போட்டார். இருபத்திரண்டு சிமென்ட் தொட்டிகள் கட்டினார். பதினாறு தொட்டிகள் கிழக்குச் சுவரை ஒட்டியும், ஆறு தொட்டிகள் மாடிப்படிக்குக் கீழேயும் உள்ளன. கப்பி, தங்கமீன், ஏஞ்சல் மீன் மூன்று வகையும் வளர்த்தார். முதல் மூன்று ஆண்டுகள் மீன்கள் நன்றாகவே பெருகின. மீன் வியாபாரி வாரம் ஒருமுறை வந்து பிளாஸ்டிக் பைகளில் காற்று அடைத்து எடுத்துப் போவார். அக்காவுக்கு மீன் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை என்று ஆனது. சாயத் தொட்டியில் கை விட்டு விட்டு உள்ளங்கை வெடித்திருந்தது, மீன் தொட்டியில் கை விட்டு ஆறிவிட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கையை விரித்துக் காட்டுவார்.

கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் வாகனம் பழுது பார்க்கும் பட்டறை இருக்கிறது. அதன் உரிமையாளர் மெக்கானிக். அவரை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள், அவருடைய பட்டறைப் பலகையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அவருக்கும் அக்காவுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை. தொட்டிகளுக்குக் காற்று ஊதும் மோட்டார் நாள் முழுக்க ஓடுகிறது, அந்தச் சத்தத்தில் இன்ஜின் சத்தமே காதில் விழவில்லை, காதை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன் என்பது அவருடைய புகார். அவர் இன்ஜினை முடுக்கினால் தங்கமீன்கள் மிரண்டு சுவரில் முட்டுகின்றன என்பது அக்காவின் புகார். இரண்டு பேரும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று முகம் பார்க்காமலே பேசிக்கொள்வார்கள். போன மாதம் அப்படி ஒரு நாள் வாய்ச்சண்டை முற்றி, "உன் மீனெல்லாம் ஒருநாள் மிதக்கப் போகுது பாரு" என்று அவர் சொன்னதை நானும் கேட்டேன், பட்டறையில் வண்டி விட வந்திருந்த இருவரும் கேட்டார்கள். கோபத்தில் சொன்ன பேச்சாகத்தான் அது எனக்குப் பட்டது.

என்னிடம் அவர் மரியாதையாகவே பேசுவார். போன ஆண்டு அவர் என்னிடம் பழைய இன்ஜின் ஆயில் ஊற்றி வைக்கக் கேன்கள் இருந்தால் கொடுக்கச் சொல்லிக் கேட்டார். எங்கள் நிறுவனத்தில் ரசாயனக் கலவை வரும் நீலநிறக் கேன்கள் காலியானதும் அவற்றைக் கழுவி, நசுக்கி, கணக்கு எழுதி அனுப்ப வேண்டும், வெளியே கொடுக்கக் கூடாது என்பது விதி. நான் இரண்டு காலிக் கேன்களை மதிய உணவு நேரத்தில் பின்வாசல் வழியாக எடுத்துப் போய் அவருக்குக் கொடுத்தேன். அவற்றைச் சரியாகக் கழுவவில்லை. அவர் ஒரு கேனில் ஆயில் ஊற்றி வைத்தார், இன்னொன்றை அப்படியே சுவரோரம் போட்டு வைத்திருந்தார். அவர் என்ன கேன் என்று என்னிடம் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

அதில் என்ன கலவை இருந்தது என்று விசாரணை அதிகாரி கேட்டதற்குச் சொல்கிறேன். எங்கள் இயந்திரம் மையைத் தெளிப்பதற்கு முன்பு வெள்ளைத் துணியைக் கஞ்சி போன்ற ஒரு கலவையில் முக்கி எடுத்துக் காயவைப்போம். அப்போதுதான் மை துணியில் பரவாமல் நிற்கும், நிறம் பளிச்சென்று பிடிக்கும். அந்தக் கலவையில் பாதிக்குமேல் யூரியா, அதாவது செடிக்குப் போடுகிற அதே யூரியா. அதனுடன் சோடாவும் கெட்டிப்படுத்தும் மாவும் சேரும். அச்சான பிறகு துணியை ஆவியில் வேகவைத்து அலசுவோம். அலசும்போது நிற்காத மை கொஞ்சமும், அந்த யூரியா முழுவதும் தண்ணீரோடு போய்விடும். இதை நான் ஆறு ஆண்டுகளாகத் தினமும் பார்க்கிறேன். பார்த்தும் அதைப்பற்றி நான் எதுவும் நினைத்ததில்லை. சாயம் மாதிரி அதற்கு நிறம் இல்லை.

இந்த மாதம் மூன்றாம் தேதி மாலை அக்கா வழக்கம்போல் தொட்டித் தண்ணீரை மாற்றினார். கிழக்குச் சுவரோரம் இருக்கும் பதினாறு தொட்டிகளையும் முடித்தபோது மின்சாரம் போய்விட்டதால், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஆறு தொட்டிகளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். மறுநாள் நான்காம் தேதி காலை ஆறு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கும்போது அக்கா ஒரு தொட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. போய்ப் பார்த்தபோது மீன்கள் எல்லாம் மேலே மிதந்தன. சில மட்டும் தண்ணீருக்கு மேல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நான் ஒவ்வொரு தொட்டியாகப் போய்ப் பார்த்தேன். சுவரோரப் பதினாறிலும் அதே நிலைமை. படிக்குக் கீழே இருந்த ஆறு தொட்டிகளில் மீன்கள் ஒன்றும் நடக்காததுபோல் நீந்திக்கொண்டிருந்தன. தண்ணீரில் நிறம் இல்லை. நுரை இல்லை. மோந்து பார்த்ததில் எனக்கு வாடை எதுவும் தெரியவில்லை. அக்கா வடிதட்டை எடுத்து வந்து மீன்களை அள்ளி வாளியில் போட ஆரம்பித்தார். கப்பியைத் தனியாக, தங்கமீனைத் தனியாக, ஏஞ்சலைத் தனியாகப் பிரித்து மூன்று வாளிகளில் போட்டார். செத்ததை எதற்குப் பிரிக்கிறாய் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது.

அதன் பிறகு மீன் வியாபாரி வந்தார். அவர் பையில் வைத்திருந்த சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, இரண்டு புட்டிகளிலிருந்து சொட்டு விட்டுக் குலுக்கினார். தண்ணீரில் அமோனியா இல்லை என்றால் மஞ்சளாக இருக்கும், இருந்தால் பச்சையாகும், எவ்வளவு கரும்பச்சையோ அவ்வளவு ஆபத்து என்றார். அது கரும்பச்சை ஆனது. ஆனால் செத்த மீன் அழுகினாலும் அமோனியா வரும், அதனால் இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றும் அவரே சொன்னார். அக்கா அவர் சொன்னதில் பின்பாதியைக் கேட்டதாகத் தெரியவில்லை. கிழக்குச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் மட்டும் செத்திருப்பதற்கு வேறு என்ன அர்த்தம் என்று கேட்டுவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனார்.

ஆறாம் தேதி காவலர்கள் பட்டறையைச் சோதனை போட்டதில் சுவரோரம் நீலநிறக் கேன் கிடைத்தது. அதன் அடியில் வெள்ளையாக உப்புப் படிந்ததுபோல் இருந்திருக்கிறது. மெக்கானிக்கைக் கேட்டதற்கு, மாடியில் இருக்கும் அச்சு ஆபரேட்டர் அம்மாதான் கொடுத்தார் என்று என்னைச் சொல்லியிருக்கிறார். அதனால் மறுநாள் என்னை வரச் சொன்னார்கள்.

ஏழாம் தேதி காலை எங்கள் மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் மிரட்டவில்லை. தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். நிறுவனம் சுற்றுச்சூழல் சான்றிதழைப் புதுப்பிக்கும் நேரம் இது, கேன் வெளியே போயிருப்பது தெரிந்தால் சான்றிதழ் போகும், சான்றிதழ் போனால் வெளிநாட்டு ஆர்டர் போகும், இருநூறு பேர் வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று சொன்னார். "கேனைப் பத்தி மட்டும் சொல்லாதேம்மா. மத்ததெல்லாம் உன் இஷ்டம்" என்றார். அதன் பிறகு அவரே என்னைத் தன் காரில் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார். எங்கள் நிறுவனத்திலிருந்து கேன்கள் வெளியே போவதில்லை என்றும், அந்த மெக்கானிக்குக்கு நான் எதுவும் கொடுத்ததில்லை என்றும் அன்றைக்கு நான் தெரிந்தே சொன்னேன். உண்மை இல்லாத பகுதி இதுதான். நான் கையெழுத்துப் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் மெக்கானிக்கை நீதிமன்றக் காவலுக்கு அனுப்பினார்கள். அவரை வேனில் ஏற்றும்போது நான் வாசலில்தான் நின்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். புருவத்தைச் சுருக்கி என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். ஓடாத வண்டியை முதலில் அப்படித்தான் பார்ப்பார்.

பதினொன்றாம் தேதி மதியம் மெக்கானிக்கின் மனைவி மாடிக்கு வந்தார். நான் உட்காரச் சொன்னேன், அவர் கதவோரமே உட்கார்ந்தார். அழவில்லை. என்னிடம் உதவி எதுவும் கேட்கவும் இல்லை.

"அந்தக் கேனை நீதான் கொடுத்தியா? அது மட்டும் சொல்லு. நான் யாருகிட்டயும் போய்ச் சொல்லமாட்டேன். அவரு எங்கிட்ட பொய் சொல்றாரான்னு எனக்குத் தெரியணும்."

எனக்கு ஞாபகம் இல்லை என்று சொன்னேன். அவர் சரி என்று சொல்லிவிட்டு எழுந்தார். படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். இருபத்தாறு ஆண்டுகள் அவரோடு குடும்பம் நடத்தியவர். அன்று வரை அவருக்குக் கணவர் மேல் இருந்த நம்பிக்கையில் நான் கை வைத்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றியது. அதற்கப்புறம் வேலையில் கவனம் நிற்கவில்லை. இரண்டு முறை துணியைத் தலைகீழாக ஏற்றினேன்.

பதினான்காம் தேதி மாடிப்படிக்குக் கீழே இருந்த தொட்டிகளில் ஒன்றின் தண்ணீர் கலங்கிவிட்டது, மாற்ற வேண்டும் என்று அக்கா சொன்னார். அப்போதுதான் மூன்றாம் தேதி தண்ணீர் மாற்றிய தொட்டிகள் எவை, மாற்றாதவை எவை என்று எனக்கு உறைத்தது. செத்தவை எல்லாம் சுவரோரம் இருந்தவை. தண்ணீர் மாற்றியவையும் அவையேதான். இதை அக்காவிடம் உடனே சொல்லவில்லை, அன்றைக்குத் தண்ணீர் மாற்ற வேண்டாம் என்று மட்டும் தடுத்தேன். மீன் வியாபாரியிடம் போய் அந்தச் சொட்டு மருந்துப் பெட்டியை இரவல் வாங்கி வந்தேன். ஆழ்துளைக் கிணற்றுக் குழாயிலிருந்து நேராகத் தண்ணீர் பிடித்துச் சோதித்தேன். அதில் மீன் இல்லை, அழுகுவதற்கு எதுவும் இல்லை. பச்சை ஆனது. கண்ணாடிக் குழாயைக் கழுவாமல் செய்துவிட்டேனோ என்று கொதிக்கவைத்த தண்ணீரில் கழுவி மறுபடியும் செய்தேன். மறுபடியும் பச்சை ஆனது. மூன்றாவது முறை குடிக்கக் காசு கொடுத்து வாங்கும் தண்ணீரில் செய்து பார்த்தேன். மஞ்சளாகவே இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போகும்போது பெட்டியைச் சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்துப் போனேன். எங்கள் நிறுவனத்தில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் இருக்கிறது. அதன் ஆபரேட்டர் எனக்குப் பழக்கமானவர், நேர்மையானவர். முன்பு சாயப் பிரிவு இருந்த காலத்தில் சுத்திகரித்த பிறகும் தண்ணீரில் உப்பும் நிறமும் மிச்சம் இருக்கும் என்பதால் அதை லாரியில் வெளியே அனுப்பினார்கள். டிஜிட்டல் இயந்திரம் வந்த பிறகு உப்பும் இல்லை, நிறமும் இல்லை என்பதால், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அனுமதி வாங்கி, அந்தத் தண்ணீரைப் பின்பக்கத் தோட்டத்துக்குப் பாய்ச்ச ஆரம்பித்தார்கள். தோட்டம் அடர்ந்து வளர்ந்தது. புல் கறுக்கும் அளவுக்குப் பச்சையாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் வந்தால் அந்தப் புல்லில் நிற்கவைத்துத்தான் படம் எடுப்பார்கள். அந்தத் தோட்டத்தின் சுவர்தான் அக்கா வீட்டுப் பின்சுவர். கிணறு அந்தச் சுவரிலிருந்து இருபது அடி தூரத்தில் இருக்கிறது.

தோட்டத்துக்குப் போகும் குழாயில் நான் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தேன். கண்ணாடிபோல் இருந்தது. சுத்திகரிப்பு ஆபரேட்டர் முன்னாலேயே சொட்டு விட்டுக் குலுக்கினேன். கறுப்பு என்று சொல்லும்படி ஆனது. அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, யூரியா தண்ணீரில் தங்கினால் அமோனியாவாக மாறும் என்றார். அதன் பிறகு என்னைக் கணினித் திரை முன்னால் அழைத்துப் போய், அதில் ஓடும் அளவுகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். நிறம், உப்பு, காரம், சூடு என்று நான்கு கட்டங்கள் இருந்தன. நான்கிலும் அளவு சரியாக இருந்தது. சாயப் பிரிவுக்காக அந்தக் காலத்தில் வைத்த கருவிகள் அவை. இயந்திரம் மாறியபோது கருவியை மாற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"நான் எதையும் மறைக்கல. என்ன கேக்குறாங்களோ அதை அளந்து அனுப்புறேன். இதை யாரும் கேக்கலியே" என்று அவர் சொன்னார்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அங்கேதான் எனக்குக் குழப்பம் ஆரம்பித்தது. யாராவது ஒருவர் திருட்டுத்தனமாக ஒரு வால்வைத் திறந்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும்.

பதினாறாம் தேதி மேனேஜரிடம் போய், மெக்கானிக் குற்றவாளி இல்லை, தோட்டத்துத் தண்ணீர்தான் கிணற்றில் இறங்குகிறது என்று நினைக்கிறேன் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சான்றிதழ்க் கோப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். முன்பு ஒரு மீட்டர் துணிக்கு ஐம்பது லிட்டர் தண்ணீர் செலவானது, இப்போது ஏழு லிட்டர் என்று அதில் இருந்தது. "இது பொய்யாம்மா?" என்று கேட்டார். பொய் இல்லை. அந்த ஏழு லிட்டர் கணக்கை எடுத்துக் கொடுத்ததே நான்தான். ஆனால் முன்பு ஒரு நாளைக்கு மூவாயிரம் மீட்டர் அச்சடித்தோம். இப்போது இயந்திரங்கள் பதினான்கு ஆகிவிட்டன, ஒரு நாளைக்கு இருபத்தைந்தாயிரம் மீட்டர் அச்சடிக்கிறோம். பெருக்கிப் பார்த்தால் மொத்தத் தண்ணீர் முன்பைவிடக் கூடத்தான் வருகிறது. மீட்டருக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி, மொத்தம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை என்று மேனேஜர் சொன்னார். அதன் பிறகு அவர், நீ சொல்வதைச் சம்பந்தப்பட்டவர்களுக்கு எழுதிப் பார்க்கிறேன், அதற்குள் நீ எங்கேயும் போய்ப் பேசாதே என்றார். எழுதினாரா என்று எனக்குத் தெரியாது.

ஏன் அவ்வளவு மீட்டர் அச்சடிக்க வேண்டியிருக்கிறது என்று இங்கே கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முன்பு ஒரு படத்துக்கு ஐந்து நிறம் என்றால் ஐந்து சட்டம் செய்ய வேண்டும், அதற்கு இரண்டு வாரம் ஆகும், அதனால் வாங்குகிறவர்கள் யோசித்துத்தான் ஆர்டர் கொடுப்பார்கள். இப்போது கணினியில் அனுப்பினால் அரை மணியில் துணி கையில் இருக்கும். போன மாதம் ஒரு சட்டைத் துணியில் ஒரு இலையை அரை அங்குலம் இடப்பக்கம் தள்ளச் சொல்லி ஒன்பது முறை அனுப்பினார்கள். ஒன்பது முறையும் அச்சடித்து, ஆவியில் வேகவைத்து, அலசினோம். கடைசியில் முதலில் இருந்ததே நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள். மற்ற எட்டையும் துண்டாக்கும் இயந்திரத்தில் போட்டோம். இதில் எது தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் இலையைத் தள்ளினேன், அவ்வளவுதான்.

பதினேழாம் தேதி மாலை அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேன் கொடுத்தது, பொய் சொன்னது, சொட்டு மருந்தில் பார்த்தது எல்லாம் சொன்னேன். அவர் காலித் தொட்டி ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"அப்ப அவன் இல்லையா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"அவன்னு நெனச்சப்போ ஒருமாதிரி நிம்மதியா இருந்துச்சு. யாரோ ஒருத்தன் செஞ்சான், அவனை உள்ள வெச்சாச்சு, இனிமே புதுசா மீன் விடலாம்னு. இப்ப யாரைத் திட்டுறது?"

என்னைத் திட்டு என்று சொன்னேன். நீதானே சுத்தம் என்று சொன்னாய் என்றார். நான் சொன்னபோது சுத்தமாகத்தான் இருந்தது என்று சொன்னேன். அது அவர் கேட்டதற்குப் பதிலா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு அக்கா உள்ளே போய்விட்டு வந்து, என்னிடம் ஒரு தட்டில் சாப்பாடு போட்டு நீட்டினார். அவர் சாப்பிடவில்லை. நாளைக்குக் காலையில் முதல் வேலையாக என்ன செய்யப்போகிறாய் என்று மட்டும் கேட்டார். காவல் நிலையத்துக்குப் போகிறேன் என்றேன். தானும் வருவதாகச் சொன்னார்.

பதினெட்டாம் தேதி இருவரும் போனோம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, முன்பு கொடுத்த வாக்குமூலத்துக்கு மாறாக இருப்பதால் நீதிபதி முன்னிலையில்தான் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். கிணற்றிலிருந்தும் தோட்டத்துக் குழாயிலிருந்தும் தண்ணீர் எடுத்து முத்திரை வைத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். பொய் சொன்னதற்கு என்மேல் தனியாக வழக்கு வரலாம் என்று சொன்னார்கள். எனக்குப் புரிந்தது என்று சொன்னேன். அது ஒன்றுதான் இதில் எனக்குச் சுலபமாகப் புரிந்தது. நேற்று மாலை நிறுவனத்திலிருந்து தகவல் வந்தது, மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று.

இன்று பத்தொன்பதாம் தேதி காலை நீதிமன்றத்துக்கு வந்தபோது மெக்கானிக்கை நடைபாதை பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். பதின்மூன்று நாளில் மெலிந்திருந்தார். நகக்கண்ணில் எப்போதும் இருக்கும் கிரீஸ் இல்லாமல் கை வெளுத்திருந்தது. அவர் மனைவி பெஞ்சின் இன்னொரு முனையில் இருந்தார், இருவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. நான் அவர்கள் முன்னால் நின்று, கேனை நான்தான் கொடுத்தேன், அவர் கேட்டுத்தான் வாங்கினார் என்று அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அதன் பிறகு கணவர் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். மெக்கானிக் என் அக்காவைப் பார்த்துத்தான் பேசினார்.

"மீனு எத்தன தொட்டி பொழச்சுது?" என்று கேட்டார்.

ஆறு என்று அக்கா சொன்னார். அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்து அக்கா பேசி நான் கண்டது அதுதான் முதல் முறை.

மீன்கள் சாவதற்குக் காரணம் யார் என்று நினைக்கிறீர்கள் என்று நீதிபதி அம்மா கேட்டதற்கு என் பதில்: எனக்குத் தெரியாது. இயந்திரம் சொன்னதைச் செய்தது. கருவி கேட்டதை அளந்தது. சான்றிதழில் இருப்பது உண்மை. புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள், அதற்கும் அனுமதி இருக்கிறது. நானும் ஏழு லிட்டரை ஏழு லிட்டர் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். இத்தனை பேரும் சரியாகச் செய்து எப்படிப் பதினாறு தொட்டி மீன் செத்தது என்று எனக்குச் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. படித்தவர்கள் ஆய்வு முடிவைப் பார்த்துச் சொல்லட்டும். மெக்கானிக் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

எழுத்தர் இதை முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டினார். ஏழாம் தேதியைப் பற்றிய பத்தியில், அன்றைக்கு நான் தவறுதலாகச் சொல்லிவிட்டதாக எழுதப்பட்டிருந்தது. அந்தச் சொல்லை அடிக்கும்படி கேட்டேன். அது வழக்கமாக எழுதுகிற சொல்தான், இருந்தால் உங்களுக்குத்தான் நல்லது என்று எழுத்தர் சொன்னார். எனக்குத் தவறவில்லை என்று சொன்னேன். அடித்துவிட்டு அதற்கு மேலே 'தெரிந்தே' என்று எழுதி, பக்கத்தில் என் சுருக்கொப்பத்தை வாங்கினார்கள். மற்ற எல்லாம் நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுத்தோ பயமுறுத்தியோ இதைச் சொல்லவில்லை.

(ஒப்பம்)
அச்சு இயந்திர ஆபரேட்டர்